கட்டிலின் நான்கு மூலைகள்

 

தென்காசி, இலஞ்சி, மேலகரம், குற்றாலம் என்று வீட்டு ஜெபத்திற்குப் போகிற இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. வாதத்தில் விழுந்த மாமனாருடைய கட்டில் பக்கத்தில் நின்று ஒரு மருமகள் கேட்கிறாள்: "ஐயா, ஜெபிச்ச பிறகும் பிரஷர் மாத்திரை குடுக்கது அவிசுவாசம்னு சொல்லுதாவளே, நிசந்தானா?"

இது மாத்திரையைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. குணமாக்குகிறவர் தேவன் என்றால், தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி, கைகாலை நீட்டி மடக்கிவிடுகிற நம்முடைய வேலைக்கு என்ன அர்த்தம்? அற்புதம் நடக்காதவர்கள் செய்கிற இரண்டாந்தர வேலையா அது?

மருத்துவம் வேண்டாம் என்பவர்கள் ஆசா ராஜாவைக் காட்டுவார்கள். பிரியமானவர்களே, ஆசா வைத்தியரைக் கூப்பிட்டது குற்றமல்ல, கர்த்தரைத் தேடாமல் விட்டதுதான் குற்றம். எசேக்கியாவைப் பாருங்கள். பதினைந்து வருஷம் கூட்டித் தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அறையில் இருந்தன. ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ வாதம் வரும். வாய் கோணுகிறதா, ஒரு கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அடைப்புதான் என்றால் அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜெபத்தை ஆம்புலன்சிலேயே ஆரம்பிக்கலாம், ஆண்டவர் கேட்பார். ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வரக்கூடும். விசுவாசம் என்று சொல்லி பிரஷர் மாத்திரையை நிறுத்தினால், அந்த விலையை நாம் கொடுக்கப்போவதில்லை, கட்டிலில் இருக்கிறவர் கொடுப்பார்.

சாரல் காலம் வந்தால் நம்ம பக்கத்தில் இன்னொரு பேச்சும் உண்டு. "அருவித் தண்ணில ரெண்டு நாள் நிறுத்துங்க, எண்ணெய் தேய்ங்க, கை தானா வந்துரும்." நிற்கவே பெலனில்லாத ஒருவரை வழுக்குப்பாறையில் நிறுத்துவது ஆபத்து. பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய் இருந்த மனுஷனை நினையுங்கள். தண்ணீர் பக்கத்திலேயேதான் இருந்தது. தன்னைக் கொண்டுபோய் விட ஆளில்லை என்பதுதான் அவன் முறையீடு.

மாற்கு இரண்டாம் அதிகாரத்துத் திமிர்வாதக்காரனுக்கோ நாலு பேர் இருந்தார்கள். சுமந்தார்கள், கூரையைப் பிரித்தார்கள், இறக்கினார்கள். ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று வாசிக்கிறோம். விசுவாசம் கண்ணுக்குத் தெரியுமா? சுமந்த தோளில் தெரிந்தது!

ஐந்தாம் கட்டளையும் இதையே சொல்லுகிறது. கனம்பண்ணு என்பதற்குரிய எபிரெயச் சொல்லின் வேர், பாரமாயிருத்தல் என்ற பொருளுடையது. நம்ம தமிழிலும் கனம் என்றால் மரியாதை, கனம் என்றால் பாரம். சீனாய் மலையடியில் அதைக் கேட்டவர்களில் வளர்ந்த ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். முதிர்ந்த தகப்பனின் பாரத்தைச் சுமப்பதே அவரைக் கனம்பண்ணுவது.

என் தகப்பனாருக்கு வலது பக்கம் விழுந்து பேச்சும் நின்றபோது, அந்தப் பாரம் கிலோக் கணக்கில் தெரிந்தது. புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். நன்றாக உட்கார வைத்துத்தான் கஞ்சி கொடுக்கணும், இல்லாவிட்டால் புரையேறும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள் கெட்டுவிடும். பித்தான் போட அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். நாம் போட்டால் அரை நிமிஷம். ஆனாலும் காத்திருக்கணும். அந்தக் கால் மணி நேரந்தான் அவருக்குப் பயிற்சி, அதுதான் அவருக்கு மரியாதை. பேசமுடியாதவருக்குப் புரியாது என்று எண்ணி, அவர் தலைமாட்டிலேயே பணக்கணக்கு பேசாதீர்கள். பேச்சு போனவர்களில் அநேகருக்குக் காரியம் விளங்கும்.

"முழுசா சுகமாகலையே, விசுவாசம் குறைவோ?" என்று அவர்களைக் கேட்காதிருங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பழையபடி குணமாகவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். முடங்கியவர்களுக்கென்று வேலூரில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் ஏற்படுத்தினார். அவர் விசுவாசம் குறைந்தவர் என்று யார் சொல்வது?

கடைசியாக ஒரு வார்த்தை. கட்டிலுக்கு மூலை நாலு. நம் வீடுகளிலோ நாலு மூலையையும் பெரும்பாலும் ஒரே ஆள் பிடித்திருக்கிறாள், அந்த மருமகள். மகன் உபவாசக் கூட்டத்தில் இருக்கிறான். காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கொர்பான் விஷயத்தில் கடிந்துகொண்டாரே! சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயைப் பார்க்க ஆள் ஏற்படுத்தினாரே! சகோதரரே, ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பது உங்கள் முறையாக இருக்கட்டும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் செலவைப் பிடிக்கட்டும். வீடு தேடி வரும் பிசியோதெரபிக்கு, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நாலாவது மூலை சபைக்குரியது. ஜெபிக்கப் போகிறவர்கள் ஜெபித்துவிட்டு, இன்னும் இரண்டு மணி நேரம் அங்கேயே இருங்கள். அந்தச் சகோதரி கொஞ்சம் தூங்கட்டும்.

சுமக்கிற உங்களைக் கர்த்தர் தாமே பெலப்படுத்துவாராக. ஆமென்.