இருபது வயதின் விலை

2016 ஜூலையில் கொலராடோ அவலாஞ்ச் அணி, நேதன் மெக்கினன் என்ற இருபது வயது ஆட்டக்காரருடன் ஏழு வருட ஒப்பந்தம் போட்டது. சராசரியாக வருடத்துக்கு 63 லட்சம் டாலர். களம் வட அமெரிக்காவின் என்.எச்.எல். அதாவது புல்தரை ஹாக்கி அல்ல, பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுவது. 2013 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் மெக்கினன். முதல் சீசனில் 63 புள்ளி (கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்த பாஸுக்கு ஒரு புள்ளி). அடுத்த இரண்டு சீசன்களில் 38, 52. திறமை தெரிந்தது, எவ்வளவு தூரம் போவார் என்பது தெரியவில்லை. கையெழுத்துக்குப் பிறகு வந்த சீசனிலும் 53 புள்ளிதான். அணி 82 ஆட்டத்தில் 22ஐ மட்டும் வென்று லீகின் கடைசி இடத்தில் முடித்தது. அதற்கடுத்த சீசனில் 97 புள்ளி! அங்கிருந்து அவர் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். 2022இல் கொலராடோ ஸ்டான்லி கோப்பையை வென்றபோதும் அவர் சம்பளம் அதே 63 லட்சம்.

இம்மாதிரி ஒப்பந்தங்களை ரசிகர்கள் கொண்டாடுவார்கள். 'அடிமாட்டு விலைக்குப் பிடிச்சுட்டாங்கப்பா' என்ற தொனியில். அங்கே மாடு யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஓர் அணி தன் இளம் நட்சத்திரத்தின் ஒப்பந்தத்தை எப்போது நீட்டிக்க வேண்டும்? கணக்குப் பார்ப்பவர்களின் பதில் எளிமையானது: முடிந்தவரை சீக்கிரம், முடிந்தவரை நீளமாக, அவர் இன்னும் வெடிக்காதபோதே. லாப நஷ்டமாகப் பார்த்தால் இதில் பெரிய தப்பில்லை. ஆனால் இது ஒருவருடைய எதிர்காலத்தை, அது என்னவென்று அவருக்கே தெரியாத நேரத்தில் வாங்கும் காரியம். அதற்கு நியாயமான நேரம் என்று ஒன்று உண்டா?

முதலில் அந்த இளைஞன் நிற்கும் இடத்தைப் பார்க்கலாம். பதினெட்டு வயதில் எந்த ஊருக்கு ஆடுவது என்பதை அவன் தேர்ந்தெடுப்பதில்லை. அணிதான் அவனைத் தேர்ந்தெடுக்கிறது. முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வருடம், சம்பளத்துக்கு விதிப்படியே உச்சவரம்பு. அதன் கடைசி வருடத்துக்கான ஜூலை 1 பிறந்தால் நீட்டிப்புப் பேச்சு தொடங்கலாம். நீட்டிக்காவிட்டாலும் அவன் சுதந்திரப் பறவை ஆகிவிட மாட்டான். பொதுவாக 27 வயதாக வேண்டும், அல்லது ஏழு சீசன் ஆடியிருக்க வேண்டும். அதுவரை வேறு அணி பணம் காட்டினாலும், அதே தொகையைக் கொடுத்துப் பழைய அணி அவனைத் தக்கவைத்துக்கொள்ளலாம். இன்னொரு விதியும் உண்டு: போட்ட ஒப்பந்தத்தின் சம்பளத்தைப் பாதியில் மாற்றிப் பேச முடியாது. 97 புள்ளி எடுத்த மெக்கினன் போய் 'கொஞ்சம் கூட்டிக் கொடுங்க' என்று கேட்க வழியே இல்லை.

அப்படியென்றால் சீக்கிரம் கையெழுத்து வாங்கும் அணி எதை வாங்குகிறது? திறமையை மட்டுமல்ல, அவனுடைய பயத்தையும் சேர்த்துத்தான். நாளைக்கே முழங்கால் போகலாம், தலையில் அடிபடலாம், ஆட்டமே கைவிட்டுப் போகலாம். அந்தப் பயத்தை அணி தன் தோளில் ஏற்றிக்கொள்கிறது. பதிலுக்கு விலையில் தள்ளுபடி கேட்கிறது. கிட்டத்தட்ட இன்சூரன்ஸ் மாதிரி. இன்சூரன்ஸ் விற்பது பாவமில்லையே.

அந்தச் சுமையை உண்மையிலேயே சுமந்த அணியும் இருக்கிறது. 2006இல் நியூயார்க் ஐலண்டர்ஸ், ரிக் டிபியெட்ரோ என்ற கோல்கீப்பருக்குப் பதினைந்து வருட ஒப்பந்தம் கொடுத்தது, மொத்தம் 6 கோடியே 75 லட்சம் டாலர். காயங்கள் விடாமல் துரத்தின. 2013இல் அணி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. முறித்தாலும் மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தாக வேண்டும். வருடத்துக்கு 15 லட்சம் டாலர், 2029 வரை. இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. உடைந்துபோனவனுக்குக் கொடுத்த வாக்கின் பெரும்பகுதி காப்பாற்றப்படுகிறது. மெக்கினன் கதையில் கைதட்டுபவர்கள் இந்தக் கதையையும் அதே ஒப்பந்தத்தின் மறுபக்கமாக ஏற்கத்தான் வேண்டும்.

'சரி, அவசரமே வேண்டாம், முழுசா நிரூபிக்கட்டும், பார்த்துக்கலாம்' என்று காத்திருப்பது நடுநிலையான செயலா? இல்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஆபத்து முழுக்க ஆட்டக்காரனின் உடம்பில் இருக்கிறது. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் வில்லியம் நைலாண்டர் 2018இல் பேச்சு இழுபட்டுக்கொண்டே போய், டிசம்பர் 1 அன்று, கெடு முடியும் நாளில்தான் கையெழுத்திட்டார். அது தவறியிருந்தால் அந்த சீசன் முழுக்க ஆட முடியாது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். இரண்டு தரப்பும் கெடு வரை ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இளமை போய்க்கொண்டிருப்பது ஒருவருக்குத்தான்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். என்.எச்.எல்.லில் ஒவ்வோர் அணிக்கும் மொத்தச் சம்பள வரம்பு உண்டு. நட்சத்திரம் குறைவாக வாங்கினால் மிச்சத்தில் சக ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளலாம். தவிர, 2013 முதல் லீக் வருமானத்தில் பாதி ஆட்டக்காரர்களுக்கு என்பது ஒப்பந்தம். ஆக மெக்கினன் விட்டுக்கொடுத்தது முதலாளியின் பைக்குள் நேராகப் போகவில்லை, பெரும்பாலும் மற்ற ஆட்டக்காரர்களுக்கே போனது. உண்மைதான். ஆனால் கொடை என்றால் கொடுப்பவன் எவ்வளவு கொடுக்கிறான் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். இருபது வயதில் அது அவனுக்குத் தெரியாது. தெரியாமல் போனதைத் தியாகம் என்று நாம் புகழ்கிறோம். அடுத்து வருபவன் சந்தை விலையைக் கேட்டால் பேராசைக்காரன் என்கிறோம். இந்த இரண்டாவது வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது.

எனவே சீக்கிரமா தாமதமா என்பதை வயதோ புள்ளியோ தீர்மானிக்க முடியாது. நாளைக்கு அவன் அடிபட்டால் இந்தக் கையெழுத்துக்காக வருந்துவோமா என்று அணி தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். 'வருந்துவோம்' என்றால் இன்னும் நேரம் வரவில்லை. அதை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம். 'வருந்த மாட்டோம்' என்றால் அதற்குமேல் ஒரு நாளும் தள்ளக் கூடாது. இவன்தான் நம் எதிர்காலம் என்று உள்ளுக்குள் முடிவெடுத்துவிட்டு, விலை இறங்கட்டும் என்று ஆட்ட நேரத்தைக் குறைத்துக் காத்திருப்பது வேறு காரியம். ஏற்கெனவே இருக்கும் பயத்தைப் பகிர்ந்துகொள்வது இன்சூரன்ஸ். பயத்தை உண்டாக்கிவிட்டுப் பிறகு அதையே தள்ளுபடியில் வாங்குவதற்கு நல்ல பெயர் எதுவும் கிடையாது.

2021 நவம்பரில் நியூ ஜெர்சி டெவில்ஸ், ஜாக் ஹியூஸுக்கு எட்டு வருடம், வருடத்துக்கு 80 லட்சம் டாலர் என்று கையெழுத்திட்டது. அவருக்கும் வயது இருபது. முதல் சீசனில் 21 புள்ளி, அடுத்ததில் 31. அந்த சீசனில் இரண்டே ஆட்டம் ஆடி, தோள்மூட்டு விலகி, வாரக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருந்தவர். விலையை அடித்துப் பேச இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. அவர் அதுவரை ஆடிய ஆட்டத்துக்கு மேலான தொகையைத்தான் அணி கொடுத்தது. 2022-23இல் ஹியூஸ் 99 புள்ளி எடுத்தார். இப்போது அந்த 80 லட்சமும் மலிவு என்றே பேசுகிறார்கள். பேசட்டும். 99 வந்ததால் அந்த முடிவு நியாயமாகவில்லை. அந்தத் தோள் சரியாகாமலே போயிருந்தாலும் அது நியாயமான முடிவுதான்.