கடமை வேடம் போட்டு வரும் பேய்

வேலையில் கவனம் நிற்கவில்லை என்றால் உடனே கைபேசியைத்தான் குற்றம் சொல்கிறோம். ஒலியை நிறுத்து, செயலிகளை நீக்கு, ஒரு மணி நேரமாவது அதை அடுத்த அறையில் வை என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. யோசனையில் தப்பில்லை. ஆனால் அது நோயின் எந்தப் பாதிக்கு மருந்து என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத் தோதான இடம் 4ஆம் நூற்றாண்டின் எகிப்துப் பாலைவனம். நைல் கழிமுகத்துக்கு மேற்கே நிட்ரியா, கெல்லியா போன்ற இடங்களில் கிறிஸ்தவத் துறவிகள் தனித்தனி அறைகளில் வாழ்ந்தார்கள். கடைத்தெரு இல்லை, குடும்பம் இல்லை. ஜெபமும், கயிறு திரிப்பது, கூடை முடைவது போன்ற கைவேலையும்தான் பொழுது. கவனத்தைக் கலைக்கக்கூடிய எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனவர்கள் அவர்கள். அப்படியும் கலைந்தது.

கெல்லியாவில் வாழ்ந்து 399இல் மறைந்த துறவி எவாக்ரியஸ் இதை அருகிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். மனிதரைத் தொல்லைப்படுத்தும் எட்டு எண்ணங்களை வகுத்த அவர், எல்லாவற்றிலும் பாரமானது என்று சொன்னது காமத்தையோ கோபத்தையோ அல்ல. அகேதியா எனப்படும் மனச்சலிப்பை. காலை பத்து மணி வாக்கில் அது துறவியைப் பிடிக்கும். பிற்பகல் இரண்டு வரை விடாது. பொழுது நகரவே நகராது. நாளுக்கு ஐம்பது மணி நேரம் என்பதுபோல் இருக்கும். கண் ஓயாமல் ஜன்னலுக்குப் போகும். எழுந்து வெளியே வந்து, சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனைப் பார்ப்பார். சகோதரர் யாராவது இந்தப் பக்கம் வருகிறாரா என்று இங்குமங்கும் பார்ப்பார். பிறகு இருக்கும் இடம் பிடிக்காது, கைவேலை கசக்கும், இங்கே யாருக்கும் யார்மேலும் அன்பில்லை என்று தோன்றும். வேறு ஊருக்குப் போனால் இதைவிடச் சுலபமான பிழைப்பு கிடைக்குமே என்று மனம் கணக்குப் போடும். இதற்கு அவர் சொல்லும் பெயர் உச்சிவேளைப் பேய். உச்சி வெயிலில் தனியே போகாதே என்று பிள்ளைகளை அதட்டும் நம் கிராமத்துப் பாட்டிகளுக்கு இந்தப் பெயர் விளக்கமின்றிப் புரியும். மெயில் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிற அலுவலக ஊழியருக்கோ, பெயர் புரியாவிட்டாலும் ஜன்னல் புரியும்.

இதுவரை சொன்னது வெறும் சலிப்பு. எவாக்ரியஸின் சிந்தனையை லத்தீன் உலகத்துக்குக் கொண்டுபோன யோவான் காசியன், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னும் ஒரு படி போகிறார். இந்தச் சலிப்பு துறவியிடம் ‘போய்த் தூங்கு’ என்று மட்டும் சொல்வதில்லை. தொலைவில் இருக்கும் நோயாளியைப் போய்ப் பார்க்கச் சொல்கிறது. ஆதரவற்ற ஒரு பக்தைக்கு வேண்டியதைச் செய்து கொடுக்கச் சொல்கிறது. அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இது புண்ணியமல்லவா என்று கேட்கிறது. விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வேலை நேரத்தில் ரீல்ஸ் பார்க்கிறவருக்குத் தான் ஏய்க்கிறோம் என்று தெரியும். அந்தக் குற்றவுணர்வே அவரைக் கொஞ்ச நேரத்தில் திருப்பி அனுப்பிவிடும். அறிக்கையின் கடினமான பகுதியை அப்படியே நிறுத்திவிட்டு, தேங்கிக் கிடக்கும் நாலு மெயிலுக்குப் பதில் போடுகிறவருக்கு, கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்குகிறவருக்கு, அந்த உறுத்தல் வராது. மாலையில் நிறைய வேலை பார்த்த திருப்திகூட வரும். அடுத்த வாக்கியம் வராத இடத்தில் மனம் தப்பிக்கப் பார்க்கிறது. வெட்கப்படாமல் தப்பிக்க மரியாதையான காரணம் ஒன்று வேண்டும். கடமையைவிட மரியாதையான காரணம் ஏது? கைபேசியை அடுத்த அறையில் வைப்பதால் இது ஒழிவதில்லை.

பாலைவனத்தையும் இன்றைய திரையையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்று ஒருவர் மறுக்கலாம். ஜன்னலை யாரும் லாபத்துக்காக வடிவமைக்கவில்லை. செயலிகளை அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். இது உண்மைதான். அந்த வியாபாரத்தின் பழியைத் தனிமனிதரின் சோம்பல்மேல் போடுவது ஏமாற்று வேலை. எவாக்ரியஸும் அப்படிப் போடவில்லை. எண்ணம் வந்து தொல்லை செய்வது நம் கையில் இல்லை, அதைத் தங்கவிடுவதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது என்பது அவர் நிலை. ஆனால் பழியை முழுக்கக் கருவிமேல் போடுவதும் கணக்கில் நிற்காது. ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரை அவ்வப்போது தொடர்புகொண்டு, இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 விழுக்காட்டு வேளைகளில் மனம் செய்துகொண்டிருந்த காரியத்தில் இல்லை. (கேட்டது ஐபோன் வழியாக என்பது வேறு கதை.) கைபேசியின் அதிர்வும் மணியோசையும் மட்டும் இவ்வளவு பெரிய எண்ணைக் கொண்டுவந்திருக்க முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. நோயாளியைப் பார்க்கப் போவது நிஜமாகவே கடமையாக இருந்தால்? கவனம் கவனம் என்று கதவைச் சாத்திக்கொள்கிறவர் கல்நெஞ்சராகிவிட மாட்டாரா? துறவிகள் இதற்கு மறுபேச்சின்றி இடம் கொடுத்தார்கள். விருந்தாளி வந்தால் நோன்பை முறித்து அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நோன்பு எப்போதும் என்னோடு இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்களே என்று ஒரு பெரியவர் விளக்கியதைக் காசியனே எழுதியிருக்கிறார். அப்படியானால் விருந்தாளிக்கும் பேய்க்கும் என்ன வித்தியாசம்? எவாக்ரியஸின் சித்திரத்தில் ஒரு தடயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. விருந்தாளி தானாக வந்து கதவைத் தட்டுகிறார். சலிப்பில் இருக்கும் துறவியோ, யாரும் தட்டுவதற்கு முன்பே வெளியே வந்து விருந்தாளியைத் தேடுகிறார். பக்கத்து மேசைக்காரர் உதவி கேட்டால் எழுந்து போவது ஒன்று. உதவி வேண்டுமா என்று நாமே மேசை மேசையாகப் போவது, அதுவும் அறிக்கை சிக்கலான இடத்துக்கு வந்தபோது மட்டும் போவது, வேறொன்று.

இந்த அளவுகோலையும் மனம் சீக்கிரமே வளைத்துவிடும் என்பது பாலைவனத்தில் தெரிந்தே இருந்தது. அதனால் எண்ணங்களைத் தரம் பிரிக்கும் பொறுப்பை இளம் துறவியிடமே அவர்கள் விட்டுவிடவில்லை. மனதில் வந்தது எதையும் மறைக்காமல் மூத்த துறவியிடம் சொல்ல வேண்டும். போவதா இருப்பதா என்று அவர் சொல்வார். இன்றைய ஊழியருக்கு அந்த இடத்தில் இருப்பவர் மேலதிகாரி. அவரோ பெரும்பாலும், காலையில் அனுப்பிய மெயிலுக்கு ஏன் இன்னும் பதில் வரவில்லை என்று கேட்பவராக இருக்கிறார்.