கண்டதைக் கண்டபடி

வானத்தைப் பார்த்து வியப்பது எளிது. பார்த்ததை உள்ளபடி சொல்வது எளிதன்று. இவ்விரண்டுக்கும் உள்ள உறவைச் சற்றுச் சிந்திப்போம்.

ஏரலில் நாம் சிறு பிள்ளையாயிருந்தபோது நடந்ததை வெட்கத்தோடு சொல்கிறோம். ரமலான் பிறை 29. நோன்பு திறந்து, மஃரிப் தொழுத கையோடு பெரியவர்களும் பிள்ளைகளும் தாமிரபரணி மணலில் கூடிவிட்டோம். நாளை பெருநாளா, இன்னொரு நோன்பா என்ற பரபரப்பு. எல்லார் கண்ணும் மேற்கே. திடீரென்று நாம், "அதோ பிறை!" என்று கூவினோம். உடனே நாலைந்து பிள்ளைகள், "ஆமா, ஆமா" என்றனர்.

மோதினார் அப்பா அருகில் வந்தார். கோபிக்கவில்லை. "கொம்பு ரெண்டும் மேலே இருந்துச்சா, கீழே இருந்துச்சா வாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"கீழே" என்றோம்.

அவர் சிரித்துவிட்டார். பிறையின் ஒளி பொருந்திய பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும். சூரியன் அடைந்தபின் தெரியும் பிறைக்குக் கொம்பு கீழ்நோக்கி அமையாது. நாம் கண்டது மேகத்தின் ஓரம். உண்மையில் அதையும் காணவில்லை. காண விரும்பியதையே கண்டதாகச் சொன்னோம். "உன் வார்த்தையை நம்பி ஊரே நோன்பை விட்டிருக்கும் வாப்பா" என்றார் அவர். அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

பிறையைக் கண்டு நோன்பு வையுங்கள், கண்டு விடுங்கள், மேகம் மறைத்தால் முப்பதாகப் பூர்த்தி செய்யுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. இதிலுள்ள கருணையைக் கவனியுங்கள். காணாதவன் கண்டேன் என்று சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. காணவில்லை என்பதும் ஒரு நேர்மையான சாட்சியாக ஏற்கப்படுகிறது.

வான ஆராய்ச்சியாளர்களின் ஒழுக்கமும் இதுவேயாகும். கொடைக்கானல் மலையில் 1904 முதல் சூரியனை நாள்தோறும் படமெடுத்து வருகிறார்கள். மேகம் மூடிய நாளுக்குப் படம் கிடையாது. அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்புவதில்லை. சென்னை நுங்கம்பாக்கம் வான ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டுபிடித்தார். நேற்றைய குறிப்பு பொய்யாயிருந்தால் இன்றைய மாற்றம் எப்படித் தெரியும்?

இப்படி அளந்து, குறித்து, கணக்கிட்டுக்கொண்டிருந்தால் வியப்பு வற்றிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். இஸ்பஹானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி அவர்களின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது. கிரேக்க அறிஞர் தாலமியின் விண்மீன் பட்டியலை அவர் அப்படியே ஒப்பிவிடவில்லை. ஒவ்வொன்றாகத் தம் கண்ணாலேயே ஒப்பிட்டு, ஒளியின் அளவைத் திருத்தி, 964ஆம் ஆண்டில் நூலாக்கினார். அதில் ஓரிடத்தில் சிறு மேகம் போன்ற ஒன்றையும் குறித்துவைத்தார். அது என்னவென்று அவர் காலத்தில் எவரும் அறியார். தொலைநோக்கி வருவதற்கே இன்னும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

அது கோடானுகோடி விண்மீன்கள் கொண்ட ஆண்ட்ரோமீடா மண்டலம் என்று இன்று அறிகிறோம். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் இத்தனை பெரிய வியப்பு அடங்கியிருந்தது! ஸுப்ஹானல்லாஹ்!

வானத்தில் பிளவு ஏதும் தெரிகிறதா என மீண்டும் மீண்டும் பார்க்கும்படி ஸூரத்துல் முல்க் நம்மை அழைக்கிறது. படைத்தவன் சோதித்துப் பார்க்கச் சொல்லும்போது, அடியான் பாராமலே புகழ்வது முறையாகுமா?

இன்று பிறை எந்நேரம், எத்திசையில் நிற்கும் என்பதைக் கைப்பேசியே காட்டிவிடுகிறது. ஆயினும் "நான் கண்டேன்" என்ற சொல்லுக்கு மனிதன்தான் பொறுப்பு. பிறைக்கு மட்டுமன்று, கடைத் தராசுக்கும், பெண் மாப்பிள்ளை விசாரணைக்கும், கேள்விப்பட்டதைப் பிறருக்கு அனுப்புவதற்கும் இதே அளவுகோல்தான்.

அடுத்த பிறைக்குப் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். "எனக்குத் தெரியலை வாப்பா" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதன் தலையைத் தடவிப் பாராட்டுங்கள். மோதினார் அப்பாவிடம் அன்று நாம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.

வல்ல நாயன் நம் கண்களுக்கு வியப்பையும் நாவுகளுக்கு வாய்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.