இளைப்பாறக் கற்றல்

விடிவதற்கு முன் மொட்டை மாடி. செங்கல்பட்டு போகும் மின்ரயில் மறைமலை நகர் நிலையத்தில் நின்று கிளம்பும் ஓசை கேட்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் கம்பெனி பஸ்கள் முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. மடித்துப் போட்ட கோணியின் மேல் 16 கிலோ கெட்டில்பெல். அதைத் தொடுவதற்கு முன் பத்து மூச்சு. மூக்கால் இழுத்து, மூக்காலேயே விடுகிறேன். எண்ணுவதைத் தவிர இப்போது வேறு வேலை இல்லை.

*

இந்த இரும்புக் குண்டு ரஷ்யச் சந்தையிலிருந்து வந்தது. தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல்லுக்குக் கைப்பிடி இருந்தது, பிடித்துத் தூக்கிப் பார்க்க ஆள் இருந்தான், அது விளையாட்டானது. அங்கே அதன் பெயர் கிரியா. அந்த நாட்டின் பழைய நிறுத்தல் அளவான ஒரு பூட் 16.38 கிலோ. இன்றும் குண்டுகள் 16, 24, 32 என்று வருவதற்கு அந்த அளவுதான் காரணம்.

1985-இல் சோவியத் நாடு இதற்குத் தேசியப் போட்டி நடத்தத் தொடங்கியது. இன்றைய போட்டி நேரம் 10 நிமிடம். அதற்குள் குண்டைத் தரையில் வைத்தால் ஆட்டம் முடிந்தது. இரண்டு குண்டுகளைத் தலைக்கு மேல் ஏற்றுபவர், ஒவ்வொரு முறை இறக்கிய பிறகும் அவற்றை மார்போடு அணைத்து, முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி நிற்பார். அந்த நிலையில் இரண்டு மூச்சோ மூன்று மூச்சோ எடுத்துக்கொண்டுதான் அடுத்த முறை ஏற்றுவார். சுமையை இறக்காமலே இளைப்பாறுவது அவர் கற்ற வித்தை. அது வாய்த்தவருக்குப் பத்து நிமிடமும் கைகூடும். தோள்வலுவை மட்டும் நம்பியவர் பாதியிலேயே குண்டை வைத்துவிடுவார்.

*

மூச்சின் இந்தப் பாடத்தை எனக்கு முதலில் சொன்னவர் குண்டைப் பார்த்திராதவர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு திடலில் எங்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவரிடம் இருந்தவை மூங்கில் கம்புகளும் இரண்டு கர்லாக்கட்டைகளும்தான். கட்டையைத் தோளைச் சுற்றி முதுகுக்குப் பின்னால் இறக்கி முன்னால் கொண்டுவரச் சொல்வார். நாங்கள் கட்டையைப் பார்ப்போம். அவர் எங்கள் வாயைப் பார்ப்பார்.

ஒருநாள் எதிராளியோடு கம்பு வீசிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. தோள் கல்லாகிவிட்டது, கம்பு தாழ்ந்தது, முழங்காலில் அடி விழுந்தது. வாத்தியார் பக்கத்தில் வந்து சொன்னார்: “கம்பு நிக்கல தம்பி. முதல்ல உன் மூச்சு நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் கம்பு நின்னுது.”

அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் உடல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஒரு நொடியில் காலும் கட்டுப்பட்டுவிடுகிறது. சுவடு மாற்ற வேண்டிய கால் அங்கேயே நிற்கிறது. இது எனக்கு விளங்கவே சில வருடம் பிடித்தது.

*

ஸ்விங். குண்டு கால்களுக்கு நடுவே பின்னால் போகிறது, இடுப்பு மடிகிறது. இடுப்பு நிமிர்கிறது, குண்டு மார்பு உயரத்துக்கு மிதந்து வருகிறது. கை வெறும் கயிறு. நிமிரும் நொடியில் பல்லிடுக்கில் “ஸ்” என்று சிறிது காற்று விடுகிறேன். வயிறு இறுகுகிறது, உதரவிதானமும் வயிற்றுத் தசையும் சேர்ந்து முதுகெலும்புக்கு அணை கட்டுகின்றன. வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையில் கை போகும்போது வரும் அதே ஒலி.

இன்னொரு வழியும் உண்டு. உடல் மடியும்போது மூச்சு தானாகப் பிதுங்கி வெளியே போகட்டும். நிமிரும்போது தானாக உள்ளே வரட்டும். நீண்ட நேரம் ஆடுபவர்கள் இப்படித்தான் விடுகிறார்கள். கனமான குண்டு, குறைந்த எண்ணிக்கை என்றால் முதல் வழி. இலேசான குண்டு, நீண்ட நேரம் என்றால் இரண்டாவது. சண்டைக் கலை பழகுபவனுக்கு இரண்டும் வேண்டும். முதலாவது அடிக்கும் நொடிக்கு. மற்றது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் வட்டமிட்டுக் காத்திருக்கும் நேரத்துக்கு. அந்தக் காத்திருப்புதான் ஆட்டத்தின் பெரும்பகுதி.

*

ஒரு சிறு கணக்கு, நோட்டில் எழுதி வைத்தது.

சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லி காற்று. அதில் சுமார் 150 மில்லி தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் நின்றுவிட்டு அப்படியே திரும்பிவிடும், ரத்தத்தைத் தொடாது. நிமிடத்துக்கு 12 முறை நிதானமாக விட்டால் 6 லிட்டர் காற்றில் 4.2 லிட்டர் பயன்படுகிறது. அதே 6 லிட்டரை 24 குட்டி மூச்சாக வாங்கினால் 2.4 லிட்டர்தான் பயன். உழைப்பு அதே உழைப்பு, வரவு பாதிக்குச் சற்றே மேல்.

மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்போது காற்று போதவில்லை என்று மேலும் மேலும் இழுக்கிறோம். பெரும்பாலும் அந்தத் தவிப்பைக் கிளப்புவது ரத்தத்தில் ஏறிய கரியமில வாயு. அதைக் கழிக்கும் வழி வெளிமூச்சு. ஆகவே இளைக்கும்போது முதலில் விட வேண்டும். முழுதாக விட்டவனுக்கு உள்மூச்சு கேட்காமலே வரும்.

*

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுக்கு அளவு இருக்கிறது: பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, இரேசகம் (விடுவது) 32. உட்கார்ந்து, குருவின் கண் முன்னே, நாளடைவில் பழக வேண்டிய அளவு அது. குண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சைக் கட்டுவதற்கு யாரும் அதைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். விடுவது இழுப்பதைப் போல் இரு மடங்கு. குண்டை வைத்த பிறகு நான்கு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுகிறேன். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடலின் இயல்பு. கழுத்து நாடியில் விரல் வைத்தால் யாரும் அறியலாம்.

மூச்சும் பாரமும் சேரும் இந்தப் பழக்கம் ஒகினாவாத் தீவிலும் இருந்தது. மியாகி சோஜுன் வளர்த்த கோஜு-ரியு கராத்தேயில் சான்சின் என்ற பயிற்சி முழுவதும் மூச்சோடு பிணைந்தது. அந்தக் கராத்தேயின் துணைக்கருவிகளில் ஒன்று பூட்டு வடிவில் கைப்பிடி வைத்துச் செதுக்கிய கல், இஷிசாஷி. ரஷ்யாவில் இரும்பு, ஒகினாவாவில் கல், நம் திடலில் மரக்கட்டை. மூன்று ஊரிலும் கையில் ஒரு பாரத்தைக் கொடுத்துத்தான் வித்தையைப் பழக்கியிருக்கிறார்கள்.

*

இந்த ஊருக்குப் பெயர் தந்தவரை நினைக்கிறேன். வேதாசலம் என்ற தன் பெயரைப் பிரித்துத் தமிழாக்கி மறைமலை என்று மாற்றிக்கொண்டவர். 1911 முதல் இங்கிருந்து வடக்கே, பல்லாவரத்தில் வாழ்ந்தவர். மக்கள் நூறாண்டு வாழும் வழியைப் பற்றியே ஒரு நூல் எழுதியவர். அவர் பெயருள்ள ஊரில் இருந்துகொண்டு ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இளைப்பாறு. இளைப்பு ஆறுவது. மூச்சுத் திணறும் நோயையும் நம் வீடுகளில் இளைப்பு என்றே சொல்கிறோம். பால் ஆறுவது போல, புண் ஆறுவது போல, மூச்சு வாங்குவதும் ஆற வேண்டும். ஓய்வு என்ற சொல்லில் வேலை நிற்பது மட்டும் இருக்கிறது. இளைப்பாறுவதில் மூச்சு தன் இடத்துக்குத் திரும்புகிறது. பாலைப் போலவே இதற்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்தாக வேண்டும்.

*

மே மாதக் குறிப்பு. கடற்காற்றின் ஈரமும் வெயிலும் சேர்ந்தால் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. போன வருடம் இதை மதிக்காமல், ஏழரை மணி வெயிலில், 24 கிலோவை மூச்சடக்கித் தூக்கினேன். கண் இருண்டது. சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. பாரத்தோடு மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ரத்தக் கொதிப்பு, குடலிறக்கம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. கோடையில் இப்போது 12 கிலோ, அதுவும் ஆறு மணிக்குள்.

*

என் முறை இவ்வளவுதான். பத்து ஸ்விங். குண்டை வைக்கிறேன். ஐந்து மூச்சு. ஐந்தாவது மூச்சில் வாய் மூடி, மூக்கு மட்டும் போதும் என்றாகிவிட்டால் அடுத்த பத்து. ஆகவில்லை என்றால் இன்னும் ஐந்து. அப்போதும் வாய் திறந்தே இருந்தால் இன்றைக்கு அவ்வளவுதான். சில நாள் பத்துச் சுற்று வரும், சில நாள் நான்கு. பிறகு கம்பை எடுத்து இரண்டு நிமிடம் சுவடு வைத்து வீசுகிறேன். மூச்சு நிற்கும் இடம் எது என்று கம்பே காட்டிவிடுகிறது.

*

தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு பதக்கக் கனவோடு கம்பு பிடிக்கும் பிள்ளைகளை எங்கும் பார்க்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்களுக்கு வலு ஏற்ற வேண்டும் என்று சிலர் குண்டுகளையும் வாங்கி வைக்கிறார்கள். அதுவும் நல்லதே.

சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை எத்தனை கிலோ தூக்கினான் என்று எழுதும் நோட்டில், வைத்த பிறகு எத்தனை மூச்சில் அவன் வாய் மூடியது என்பதையும் எழுதுங்கள். அந்த எண் குறையும் வரை எடையை ஏற்றாதீர்கள்.