ஊருக்கெல்லாம் அதிதி

பசிபிக் சமுத்திரத்துப் பிஜித் தீவுகளில், ஒரு கிராமத்துப் பாடசாலையில் தொண்டு புரியும் அயல்நாட்டு இளைஞரைக் காண அவருடைய சிநேகிதர் வருவாராயின், கடற்கரையையும் பவளப் பாறைகளையும் காட்டுவதற்கு முன்னரே, மிளகுக் குடும்பத்துச் செடியாகிய யங்கோனாவின் உலர்ந்த வேர்க்கட்டை அவர் கையிலே கொடுத்து, தொப்பியைக் கழற்றச் செய்து, ஊர்த் தலைவரின் சமுகத்திற்கு அழைத்துச் செல்வதே உத்தமமான உபசாரம். செவுசெவு எனப்படும் அந்தச் சமர்ப்பணத்தைத் தலைவர் அங்கீகரித்து, வேர்த்தூள் கரைத்த பானம் தேங்காய்ச் சிரட்டையில் வழங்கப்பட்ட பின்பே வந்தவர் அவ்வூரில் சுதந்திரமாக உலவலாம். தொண்டர் வாழ்வதே ஊராரின் ஆதரவிலாகையால், அவருடைய நண்பர் ஊர் முழுமைக்கும் அதிதி என்பதே நியாயம். அங்கே நண்பரைக் காணச் செல்வோரே, சுவாவிலோ நாந்தியிலோ உள்ள சந்தையிலேயே வேர்க்கட்டை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.