மனத்திற்கும் ஒரு பெரட்டு

மாணவன் ஒருவன் வாடியிருப்பின் சோம்பேறி எனத் தீர்ப்பளிக்கிறோம். மனச்சோர்வு குற்றமன்று, நோய். ஊக்கம் பிறந்தபின் செயற்படுவோம் என்று காத்திருப்பவனுக்கு அது எளிதில் பிறப்பதில்லை. செயலே ஊக்கத்தை ஈனும்.

ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்றனர்; துயருற்ற நாளிலும் கால்கள் நிரைக்கு நடந்தன. அவ்வொழுங்கு பிறர் விதித்தது, அதனைப் போற்றுதற்கில்லை. தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் சிற்றொழுங்கோ விடுதலையின் தொடக்கம்: குறித்த வேளையில் துயிலெழுதல், பாயைச் சுருட்டுதல், அரைமணி நேரம் நடத்தல். வயதுவந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமாக உடலை இயக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. மனச்சோர்வு தணிவதும் அதன் பயன்களுள் ஒன்று.

எழவே இயலாதார்க்கு அறிவுரை போதாது, மருத்துவம் வேண்டும். தம்போயில் 1937 முதல் இயங்கும் பெர்மாய் மருத்துவமனைக்குச் செல்வது இழுக்கன்று. ஆசிரியர் கடன் ஏசுவதன்று, உடன் நடப்பதே.