பிறர் கணக்கை எழுதும் கை

கற்பக மரங்கள் வற்றிய காலத்தில் வாழும் வகை அறியாது நின்ற மாந்தர்க்கு, ஆதிபகவனாகிய விருஷபதேவர் ஆறு தொழில்களை வகுத்தளித்தார் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் அவ்வாறனுள் மசி என்பது எழுதுகோல் கொண்டு செய்யும் தொழில். தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் பகவானே கற்பித்தார் என்று ஆதிபுராணம் கூறும். எழுத்தும் எண்ணும் கூடினால் கணக்கு. எனவே கணக்கெழுதுவது பெண்களுக்குப் புதிய தொழிலன்று என்று நம் பழைய மாணவி ஒருத்தியிடம் 2021-ஆம் ஆண்டில் சற்றுப் பெருமையுடனேயே கூறினோம். அடுத்த ஆண்டு அவள் ஒரு கேள்வியோடு வந்தபோது அப்பெருமை நமக்கு உதவவில்லை.

வணிகவியலில் பட்டம் பெற்றுக் கடலூரில் ஒரு தணிக்கையாளரிடம் சில ஆண்டுகள் பணி செய்தவள் அவள். குழந்தை பிறந்தபின் விருத்தாசலம் திரும்பி, வீட்டு முன்னறையில் ஒரு கணினியும் ஓர் இரும்பு அலமாரியும் வைத்துக்கொண்டு சிறு தொழில்களுக்குக் கணக்கெழுதித் தரத் தொடங்கினாள். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், பத்துப் பேரை வைத்துப் பீங்கான் செய்பவரும் மாதந்தோறும் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரமும் 20-ஆம் தேதிக்குள் வரியும் செலுத்த வேண்டியவரானார். தாமே எழுத நேரமில்லை. முழுநேரக் கணக்கரை வைக்கவும் கட்டாது. இத்தகையோர்தாம் அவளை நாடினர். இத்தொழிலுக்கு உரிமம் எதுவும் வேண்டுவதில்லை. தணிக்கை செய்து கையொப்பமிடும் பட்டயக் கணக்கர்களை ஒழுங்குபடுத்த 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு நிறுவனம் உண்டு. நாள்தோறும் பேரேடு எழுதுபவளுக்கு அவ்வாறு ஒன்றும் இல்லை. அவள் மனமே அவளுக்குத் தணிக்கை.

நம் வாசகர் பலர் உழவரும் ஆசிரியருமாதலின் பீங்கான் தொழிலைச் சிறிது விளக்குதல் நலம். வெண்களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் ஆகியவற்றை அரைத்துக் குழைத்து, அச்சிலிட்டு, உலர்த்திச் சூளையில் சுடுவர். மின்கம்பிக்குரிய இன்சுலேட்டர், பியூஸ் கட்டை, கொலுப் பொம்மை எனப் பலவும் இவ்வூரில் உருவாகின்றன. உலரும் நிலையில் உடைந்தது மீண்டும் மண்ணாகும். சூளையில் வெந்து வெடித்தது ஆகாது. அதைக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டுவர். அந்த ஓட்டுக் குவியலை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கேதான் முதற் கேள்வி பிறந்தது.

உரிமையாளர் ஒருவர், ரசீது இல்லாமல் விற்ற பொருள்களை எல்லாம் சூளை உடைசலில் ஏற்றி எழுதச் சொன்னார். "எழுதலாமா, டீச்சர்?" என்று கேட்டாள். நாம் அன்று சொன்ன விடை இன்று நாணத்தைத் தருகிறது. "பொருள் அவருடையது, வரி அவருடையது, பொய்யும் அவருடையதே. நீ எழுதுகோல் மட்டுமே" என்றோம். அவரிடம் நமக்கு இரக்கமும் இருந்தது. குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்து குவியும் பீங்கானோடும், பியூஸ் கட்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட புதிய மின்கருவிகளோடும் போராடுபவர் அவர், கெட்டவர் அல்லர்.

அவ்விடை அத்துணை விரைவாக வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாம் தலைமையாசிரியராய் இருந்த ஒரு சிறு பள்ளியில் பிள்ளைகள் குறைந்தனர். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் ஒன்று போகும். போகவிருந்தவர் இளம் விதவை. ஊரை விட்டுச் சென்றுவிட்ட பிள்ளைகள் சிலரின் பெயர்களை வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்காமல், நாள்தோறும் வருகைக் குறி இட்டோம். மேலிடத்து ஒருவர் சொன்னபடி எழுதினோம், நாம் எழுதுகோல் மட்டுமே என்று அப்போதும் சொல்லிக்கொண்டோம்.

நம் ஆகமமோ எழுதுகோலை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினைவரவுக்கு வாயில்கள். எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என்னும் மூன்றை மனம், மொழி, மெய் மூன்றாலும், மேற்சொன்ன மூன்றாலும், கஷாயங்கள் நான்காலும் பெருக்கினால் 108 வரும். ஜபமாலை உருட்டும் நாம் இந்தப் பெருக்கலை மறந்துவிடுகிறோம். இதன்படி உரிமையாளர் செய்விப்பவர், எழுதுபவளே செய்பவள். உலகம் கணக்கப்பிள்ளையைச் சிறிய குற்றவாளியாகக் கருதும். ஆகமம் முதல் இடத்திலேயே நிறுத்துகிறது. இல்லறத்தார்க்குத் தொழில்வழி நேரும் உத்யோகி ஹிம்சை பொறுக்கப்பட்டதன்றோ என்பார் உளர். சூளைத் தீயில் மாயும் சிற்றுயிர்க்கு அது பொருந்தலாம். பேரேட்டில் எழுதும் பொய்க்கு எந்தச் சூளையும் தேவைப்படவில்லையே.

இவ்வளவும் நாம் எண்ணிப் பார்த்தது அவள் இரண்டாம் முறை வந்த பிறகுதான். இம்முறை கேள்வி உடைசலைப் பற்றியதன்று. பட்டறையில் பதினான்கு பேர் வேலை செய்தனர். சம்பள ஏட்டில் ஒன்பது பெயர் மட்டும் போதும் என்றார் உரிமையாளர். பத்துப் பேர் ஆனால் தொழிலாளர் அரசுக் காப்பீடு வந்துவிடும். அப்போதைய விகிதப்படி நூறு ரூபாய் ஊதியத்துக்கு உரிமையாளர் பங்கு 3 ரூபாய் 25 காசு, தொழிலாளி பங்கு 75 காசு. ஆக நான்கு ரூபாய். விடுபடவிருந்த ஐவரும் குவார்ட்ஸ் தூளைச் சலிக்கும் பெண்கள். அத்தூளை நெடுங்காலம் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். வந்தபின் தீராது, பெரும்பாலும் பல ஆண்டு கழித்தே வெளிப்படும். அன்று இழப்பீடு கேட்க, இந்தப் பட்டறையில் இத்தனை ஆண்டு வேலை செய்தேன் என்பதற்குச் சான்று வேண்டும். சான்று அந்த ஏடே.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து கூறப்படுகின்றன. மூன்றாவது கூடலேக கிரியை, பொய்யாவணம் எழுதுதல். அதனைக் காட்டி, எழுதாதே என்றோம். அவள் நூலை வாங்கிப் பார்த்துவிட்டு, ஐந்தாவதைக் காட்டினாள். பிறர் மறைவாய் வைத்த கருத்தை அறிந்து வெளிப்படுத்துவதும் அதிசாரமே என்றிருக்கிறது. "எழுத மாட்டேன், ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆனால் அந்த ஐந்து பேரிடமும் சொல்லலாமா, சொல்லக் கூடாதா?" என்றாள். கணக்கெழுதுபவருக்கு வாய்க்காவலே முதல் தகுதி; ஒருவர் கணக்கை ஊரில் பேசுபவளிடம் மற்றவர் ஏட்டைக் கொடுக்க மாட்டார்.

ஆசிரியப் பயிற்சியில் கேள்வி கேட்கக் கற்றோம்; இத்தகைய கேள்விக்கு விடை சொல்லக் கற்றோமில்லை. இரண்டு நாள் கழித்து நான்காவது அதிசாரம் நமக்குத் துணை வந்தது. நியாசாபகாரம்: அடைக்கலமாய்ப் பொருள் வைத்தவன் தொகையை மறந்து குறைத்துக் கேட்டால், ஆம், அவ்வளவுதான் என்று குறைத்தே கொடுத்துவிடுவது. கேட்டதைக் கொடுத்தோம், பொய் சொல்லவில்லையே என்று தோன்றும். தெரிந்தும் சொல்லாமல் விட்டதே குற்றம். தொழிலாளியின் பெயரும் அவள் உழைத்த நாட்களும் ஏட்டில் வைக்கப்பட்ட அடைக்கலப் பொருள் என்றே நாம் கொள்கிறோம். உரிமையாளரின் கொள்முதல், விலை, கடன் ஆகியவை அவருடைய மறைபொருள். அவற்றைப் பேசுதல் தகாது. தன் பெயர் ஏட்டில் இல்லை என்பது அப்பெண்ணுக்கே உரிய செய்தி. அதை அவளிடம் சொல்வது மறை வெளிப்படுத்தல் ஆகாது, அடைக்கலத்தைத் திருப்பித் தருதலாகும். பண்டிதர்கள் இதனை ஏற்பார்களா என்பது தெரியாது. ஏற்காவிடில் இவ்விதழிலேயே எழுதி நம்மைத் திருத்தவேண்டும்.

அவள் ஏட்டைத் திருப்பிக் கொடுத்தாள். மூன்று மாதக் கூலி வரவில்லை. நல்லது செய்தாள், நல்லது விளைந்தது என்று எழுத நமக்கு விருப்பமே, நடந்தது அவ்வாறன்று. வேறொருவர் அந்த ஏட்டை ஒன்பது பெயரோடு எழுதுகிறார் என்று கேள்விப்பட்டாள். கணவர் சில நாள் பேசவில்லை. அந்த ஐவருள் ஒருத்தியைச் சந்தையில் கண்டு செய்தியைச் சொன்னபோது, "தெரியும்மா. பேரு எழுதச் சொன்னா வேலை போயிடும்" என்றாளாம். ஆயினும் மறுவாரம் அப்பெண்ணே வந்து, தான் வேலைக்குச் சென்ற நாட்களை எழுதிவைக்க ஒரு நோட்டு கேட்டிருக்கிறாள். நாற்பது பக்க நோட்டுகள் ஐந்து வாங்கிக் கொடுத்தோம்.

அவற்றைப் பெற்றுக்கொள்ள வந்த அன்றுதான் பதிவேட்டுக் கதையை அவளிடம் முழுதும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவள், "அந்தப் பிள்ளைங்க பேரைப் பிறகு அடிச்சீங்களா, டீச்சர்?" என்றாள்.

அடிக்கவில்லை. அந்த ஆசிரியைக்கு வேறு ஊருக்கு மாறுதல் கிடைத்த ஆண்டில் புதிய பதிவேடு தொடங்கினோம்; அதில் அப்பெயர்களை எழுதாமல் விட்டோம்.